ஒற்றைக் கையுறைகளின் விழுக்காடு

ரீகா நகரம், டிராம் நிறுவனம், மூன்றாம் மாடி.
சன்னலுக்கு வெளியே பனியைத் தள்ளிக்கொண்டு
ஒரு வண்டி போகிறது.
உள்ளே மாருதா
தொலைந்த பொருள்களின் அட்டவணையைத் திறக்கிறாள்.
இந்தக் குளிர்காலத்தில் மட்டும்
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு கையுறைகள்.
எல்லாம் ஒற்றை.
சோடியாக யார் தொலைக்கிறார்கள்?
ஒன்றைக் கழற்றிவிட்டுச் சீட்டைத் தேடுகிறோம்,
அவ்வளவுதான்.

தடம் வாரியாகத் தொகு என்கிறாள்: குரூப் பை.
சாம்பல் நிறம், செங்கல் நிறம்,
கட்டைவிரலில் ஓட்டை விழுந்தது,
நாய் மென்று துப்பியது,
எல்லாம் போய்
நாலே வரிகளில் உட்கார்ந்துவிடுகின்றன:
ஒன்று, ஐந்து, ஏழு, பதினொன்று.
தொகுத்தபின்
தனியொரு கையுறையின் நிறத்தைக் கேட்க முடியாது.
கேட்டால் பிழைச் செய்தி வரும்.

உரியவர் வந்து வாங்கிய தேதிக்கு ஒரு பத்தி உண்டு.
அதில் பெரும்பாலும் வெறுமை.
வெறுமைக்கு அங்கே பெயர் நல்.
எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது.
நல்வரவு, நல்வழி, நல்விருந்து
என்றல்லவா பழக்கம்.
இங்கே நல் என்றால் யாரும் வரவில்லை.
பூச்சியம்கூட இல்லை அது.
பூச்சியம் ஒரு விடை.

நட்சத்திரக் குறியிட்டு எண்ணினால்
எல்லா வரிகளும்.
தேதியின் பெயரிட்டு எண்ணினால்
வந்தவர்கள் மட்டும்.
இதை அதனால் வகுத்து நூறால் பெருக்கினாள்.

0
0
0
0

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார் இல்கோனிஸ்.
"ஒருவரும் வருவதில்லையா?
அப்புறம் எதற்கு அந்த அறைக்கு வாடகை?"
கீழ்த்தளத்திலிருந்து போனில் வெல்டா:
"நேற்றுகூட ஒருத்தி வாங்கிக்கொண்டு
என் மேசைமேலேயே அழுதுவிட்டுப் போனாள்.
அவள் பூச்சியமா?"

இல்லை.
முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால்
மிச்சத்தைத் தரையில் கொட்டிவிடும் அந்த இயந்திரம்.
ஐந்தாம் தடத்தில் நானூற்று எண்பத்தெட்டு,
திரும்பியது அறுபத்தொன்று.
நம் வாய்க்கணக்கில் அரைக்கால்.
அதன் கணக்கில் ஒன்றுமில்லை.

நூறை முன்னால் இழுத்தாள்.
அதன் பின்னே ஒரு புள்ளி,
புள்ளிக்குப் பின்னே ஒரு பூச்சியம்.
பிறகு ஓட்டினாள்.

பதினொன்று: 27.3
ஐந்து: 12.5
ஏழு: 8.87
ஒன்று: 4.38

பதினொன்று, பைன் மரங்களுக்கிடையே
விலங்குக் காட்சிச்சாலை வரை போகும் தடம்.
குழந்தைகளின் கையுறை,
அம்மாக்கள் விடமாட்டார்கள்.
விழுக்காடு என்ற சொல்லுக்குள்
விழுவதும் இருக்கிறது, ஒரு காடும் இருக்கிறது.
மாருதாவுக்கு இது தெரியாது.
அவள் பார்ப்பது ஏழை.
ஐந்நூற்று முப்பது தொலைந்தும்
ஏன் இத்தனை குறைவாய்த் திரும்புகின்றன?

மணி வாரியாக மீண்டும் தொகுத்தாள்.
விடியுமுன் ஐந்தே முக்கால் வண்டி,
அதில்தான் பாதிக்கு மேல்.
ஆறரைக்கு வேலை தொடங்கி
மாலை ஆறரைக்கு முடிகிறவர்கள்.
வெல்டாவின் அறை
பத்துக்குத் திறந்து நாலுக்குப் பூட்டும்.

இரண்டு வாரம் வாதாடி
ஒரு வியாழன் வாங்கினார்கள், இரவு எட்டு வரை.
முதல் வியாழன் வந்தவர் ஒரே ஒருவர்.
சட்டைக் கையில் காய்ந்த வண்ணம்.
வலது கையில் மட்டும் பச்சைக் கையுறை,
இத்தனை நாளும் அதையே மாட்டியிருக்கிறார்.
வெல்டா அலமாரியில் துழாவி எடுத்துக் கொடுத்துவிட்டுத்
தேதியைப் பதிந்தாள்.

காலையில் மாருதா மறுபடி ஓட்டினாள்.
ஏழு: 9.06

"புள்ளி ஒன்று ஒன்பதுதானா கூடியிருக்கிறது?"
என்றார் இல்கோனிஸ்.

"ஆமாம்," என்றாள்.
"இடது கை."